கைப்பேசிச் செயலிகளும் அவற்றின் நம்பகமும்

கடையில் பொருள் வாங்குவோர் தராசுத் தட்டில் வைக்கப்படும் எடைக்கல்லைப் பொதுவாகச் சந்தேகிப்பதில்லை. அக்கல்லில் அரசாங்க முத்திரை பொறிக்கப்பட்டிருப்பதும், குறித்த கால இடைவெளியில் அது மீண்டும் சரிபார்க்கப்படுவதுமே இந்நம்பிக்கைக்குக் காரணமாகும். 1956-ஆம் ஆண்டில் நிறை, அளவைத் தரச் சட்டம் இயற்றப்பட்டபின், சேரும் மணங்கும் படிப்படியாக நீங்கிக் கிலோகிராம் வழக்கத்திற்கு வந்தது. அக்காலத்தில் எடைக்கற்களைச் சோதித்து முத்திரையிடும் பணி தேசமெங்கும் விரிவாக நடைபெற்றது. இப்பணி இன்று 2009-ஆம் ஆண்டின் சட்ட அளவையியல் சட்டத்தின் கீழ் தொடர்ந்து வருகிறது. மின்சார இஸ்திரிப் பெட்டி, சிமெண்டு முதலியவற்றுக்கும் ஐ.எஸ்.ஐ. குறி உண்டு. ஆனால், இன்று ஓர் அலுவலகமோ பள்ளியோ நாள்தோறும் கையாளும் கருவிகளுள் முக்கியமானதாகிவிட்ட கைப்பேசிச் செயலியின்மீது அத்தகைய கட்டாய முத்திரை எதுவும் இல்லை.

செயலி என்பது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்வதற்காகக் கைப்பேசியில் நிறுவப்படும் கட்டளைத் தொகுதியாகும். ஊழியரின் வருகையைப் பதிவு செய்ய ஒன்று, பயிர்ப் பரப்பைக் கணக்கெடுக்க மற்றொன்று, மாணவருக்குப் பாடம் வழங்க வேறொன்று என்று அவை பெருகியுள்ளன. அங்கன்வாடிப் பணியாளர்கள் 2021-இல் தொடங்கப்பட்ட போஷன் டிராக்கர் என்னும் செயலியில் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் பதிகின்றனர். பெங்களூருவிலுள்ள கர்நாடக மாநிலத் தொலையுணர்வுப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய திஷாங்க் என்னும் செயலி, ஒருவர் நிற்கும் நிலத்தின் சர்வே எண்ணைக் காட்டுகிறது.

தனி மனிதர் ஒருவர் தமக்குப் பிடித்த செயலியை வைத்துக்கொள்வார், பிடிக்காவிடில் நீக்கிவிடுவார். ஒரு ஸ்தாபனம் செயலியை ஏற்கும்போது நிலைமை வேறு. அதன் ஊழியருக்கு மறுக்கும் வாய்ப்புப் பெரும்பாலும் இராது. அந்த ஊழியர் யாருடைய பெயரையும் வயதையும் நோயையும் பதிவு செய்கிறாரோ, அந்தத் தாய்க்கோ மாணவனுக்கோ அவ்வாய்ப்பு அறவே இல்லை. தம் விவரம் எங்கே செல்கிறதென்று அவர்கள் அறிவதுகூட இல்லை. ஆகவே, ஏற்குமுன் சோதித்தறியும் கடமை ஸ்தாபனத்தையே முழுமையாகச் சார்கிறது.

பெங்களூருவில் நிகழ்ந்தது

இக்கடமை தவறினால் என்ன நேரும் என்பதற்கு 2017-ஆம் ஆண்டில் பெங்களூருவில் வெளிப்பட்ட ஒரு நிகழ்ச்சி நல்ல எடுத்துக்காட்டாகும். அந்நகரில் பணியாற்றிய மென்பொருள் பொறியாளர் ஒருவர் 'ஆதார் இ-கே.ஒய்.சி.' என்னும் பெயருடைய செயலியை உருவாக்கி, கூகுள் பிளே ஸ்டோரில் எவரும் இறக்கிக்கொள்ளுமாறு வைத்திருந்தார். பயன்படுத்துவோர் தம் ஆதார் எண்ணை உள்ளிட்டு, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கொடுத்தால், அவருடைய பெயர், முகவரி முதலிய விவரங்களை அச்செயலி காட்டியது. சுமார் 50,000 முறை அது இறக்கிக்கொள்ளப்பட்டதாகச் செய்திகள் தெரிவித்தன.

அது காட்டிய விவரங்களில் பிழை இல்லை. அவை உண்மையான ஆதார்ப் பதிவிலிருந்தே வந்தவை. ஆனால், அவ்விவரங்களைப் பெறுவதற்கு அச்செயலிக்கு எவ்வித உரிமையும் அளிக்கப்படவில்லை. தேசியத் தகவல் மையம் அரசாங்க மருத்துவமனைகளுக்காக நடத்திவந்த 'இ-ஹாஸ்பிடல்' என்னும் ஏற்பாட்டுக்கு ஆதார் விவரங்களைச் சரிபார்க்கும் அனுமதி இருந்தது. அந்த ஏற்பாட்டின் வாயிலாகவே, அதன் பெயரிலேயே, இந்தச் செயலி தன் வினாக்களை அனுப்பி விடை பெற்று வந்தது. 2017 ஜனவரி 1 முதல் ஜூலை 26 வரை இவ்வாறு நடைபெற்றதாக இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம் பெங்களூரு காவல்துறையிடம் புகார் செய்தது. ஆகஸ்டுத் தொடக்கத்தில் அப்பொறியாளர் கைது செய்யப்பட்டார். தன் மையக் களஞ்சியத்தில் எவரும் புகவில்லை என்றும், கைரேகை, கருவிழிப் பதிவுகள் வெளியாகவில்லை என்றும் ஆணையம் விளக்கியது.

இவ்வழி எவ்வாறு திறந்திருந்தது என்பதே களப்பணியாளர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி. கைப்பேசிக்கும் சர்வர் எனப்படும் மையக் கணிப்பொறிக்கும் இடையே செல்லும் செய்திகளைச் சங்கேதமாக்கி அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ். என்னும் முறை, மருத்துவமனைச் செயலியின் தொடர்பில் கையாளப்படவில்லை என்று அப்போது செய்திகள் கூறின. இம்முறையின் வேலையை அஞ்சல் நிலையத்தை நினைவுகூர்ந்தால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சாதாரண முறையில் செல்லும் செய்தி அஞ்சலட்டையைப் போன்றது. வழியில் அதைக் கையில் எடுப்பவர் எவரும் படிக்கலாம், அதைப் போலவே மற்றோர் அட்டையும் எழுதலாம். எச்.டி.டி.பி.எஸ். முறையில் செல்லும் செய்தி அரக்கு முத்திரையிட்ட உறையைப் போன்றது. அன்றியும், பெறுபவர் உரிய முகவரியினர்தாம் என்பதை அனுப்புமுன் உறுதி செய்துகொள்ளும் வசதியும் அதில் அடங்கியுள்ளது.

இந்நிகழ்ச்சியில் சோதனைக்குரிய செயலிகள் இரண்டு என்பதை மறத்தலாகாது. முதலாவது, எவரோ ஒருவர் வெளியிட்ட அனுமதியற்ற செயலி. சரியான விடை தந்தது என்பதாலேயே பலரும் அதை நம்பினர். இரண்டாவது, அரசாங்க மருத்துவமனைகளுக்கென்று அமைந்த செயலி. அது அரசாங்கத்தின் பெயரைத் தாங்கியது என்பதாலேயே நம்பப்பட்டது. விடை சரியாயிருத்தலும் வெளியிட்டவரின் பெயர் பெரிதாயிருத்தலும் நம்பகத்திற்குப் போதிய சான்றுகள் ஆகா என்பது இதனால் விளங்கும். தொடர்பு சங்கேதமாக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது பயிற்சி பெற்ற சோதகருக்குச் சில நிமிட வேலைதான் என்பதை எண்ணும்போது, அது முன்னரே செய்யப்படாததற்காக வருந்தாமல் இருக்க இயலாது.

அதே 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள், அந்தரங்கம் மக்களின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வுபெற்ற கே. எஸ். புட்டசாமி ஆவார்.

விற்பனைக் கூடத்தின் பெயர் முத்திரை ஆகாது

பிளே ஸ்டோரில் கிடைப்பதால் ஒரு செயலி சோதிக்கப்பட்டதே என்று எண்ணுவோர் பலர். தீங்கு விளைவிக்கும் செயலிகளைக் கண்டறிய அங்குத் தானியங்கிச் சோதனைகள் உண்டு என்பது உண்மையே. ஆயினும், ஒரு பள்ளிக்கோ பஞ்சாயத்துக்கோ அச்செயலி ஏற்றதா என்ற வினாவுக்கு அச்சோதனை விடை கூறாது. ஒவ்வொரு செயலியின் பக்கத்திலும் 'தரவுப் பாதுகாப்பு' என்ற தலைப்பின் கீழ் காணப்படும் குறிப்பும், செயலியை உருவாக்கியவர் தாமே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலமாகும். மோசில்லா என்னும் அமைப்பு 2023-ஆம் ஆண்டில் புகழ்பெற்ற 40 செயலிகளை எடுத்து, இக்குறிப்பையும் அச்செயலிகளின் அந்தரங்கக் கொள்கையையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஏறக்குறைய 80 விழுக்காட்டுச் செயலிகளில் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. நட்சத்திரங்களால் அளிக்கப்படும் மதிப்பெண்ணும் இறக்கிக்கொண்டோர் எண்ணிக்கையும் செயலியின் பிரபலத்தைக் காட்டுமேயன்றி வேறொன்றையும் காட்டா.

கேட்கப்படும் அனுமதிகளைப் பார்ப்பது இதனினும் பயனுடையது. ஆண்டிராய்டு கைப்பேசிகளில் 2015-இல் வெளியான ஆறாம் பதிப்பு முதல், காமிரா, ஒலிவாங்கி, இருப்பிடம், தொடர்பு எண்கள் ஆகியவற்றை ஒரு செயலி தொட வேண்டுமானால் அவ்வப்போது பயனரின் சம்மதம் கேட்டாக வேண்டும். வருகைப் பதிவுச் செயலி இருப்பிடத்தைக் கேட்பதில் நியாயம் உண்டு. அது தொடர்பு எண்களைக் கேட்டால் காரணம் விசாரிக்கப்பட வேண்டும். கடன் செயலிகள் கடன் வாங்கியவரின் உறவினர், நண்பர் எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு அவர்களைத் தொல்லைப்படுத்திய கொடுமை நாடறிந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021-ஆம் ஆண்டில், இந்தியாவில் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளுள் ஏறத்தாழ 600 சட்டத்திற்குப் புறம்பானவை என்று கண்டது. மறு ஆண்டில் வெளியான ரிசர்வ் வங்கியின் வழிகாட்டு நெறிகள், கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் கோப்புகளையும் தொடலாகாது என்று வெளிப்படையாகவே விதித்தன.

சோதிக்கும் முறை

ஸ்தாபனங்கள் செயலிகளை எவ்வாறு சோதித்து ஏற்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 2015-இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. 2019-இல் அதைத் திருத்தி மீண்டும் வெளியிட்டது. இந்நிறுவனம் 1901-இல் எடை, அளவுத் தரங்களைப் பேணுவதற்காக அமைக்கப்பட்டது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. எடைக்கல்லைச் சோதித்த கை இன்று செயலியையும் சோதிக்கும் முறையை வகுத்துள்ளது.

அந்நூல் கூறும் முறையின் தொடக்கம் கருவியில் இல்லை, காகிதத்தில் உள்ளது. தன் வேலைக்கு எது தேவை, எது கூடாது என்பதை ஸ்தாபனம் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். மலைப்பகுதியில் பணியாற்றும் செவிலியர் பயன்படுத்தும் செயலிக்குரிய தேவையும், நூலகத்தில் புத்தகக் கணக்கு எழுதும் செயலிக்குரிய தேவையும் ஒன்றாகா. அதன்பின் செயலி சோதனைக்கு வரும். சோதித்தவர் தம் அறிக்கையை அளிப்பார். அதைக் கண்டு ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு அதற்குரிய அதிகாரியைச் சேரும். செயலியை விற்பவரோ, அதை வாங்குவதில் ஆர்வம் கொண்டவரோ சோதகராக இருத்தல் முறையாகாது.

சோதனை இரு வகைப்படும். செயலியைப் பிரித்து, அதன் உள்ளிருக்கும் கட்டளைகளை ஓடவிடாமலே படித்துப் பார்ப்பது ஒன்று. கடவுச்சொற்கள் உள்ளேயே எழுதி வைக்கப்பட்டுள்ளனவா, தேவையற்ற அனுமதிகள் கோரப்படுகின்றனவா, பழுதுள்ள பழைய பாகங்கள் சேர்க்கப்பட்டுள்ளனவா என்பன இதனால் புலப்படும். செயலிகள் பெரும்பாலும் முழுமையாக ஒருவரால் எழுதப்படுவதில்லை. விளம்பரம் காட்டுதல், நிலப்படம் வரைதல், பயன்பாட்டைக் கணக்கிடுதல் முதலிய வேலைகளுக்குப் பிறர் செய்த ஆயத்தப் பாகங்களைச் சேர்த்தே அவை கட்டப்படுகின்றன. அப்பாகங்கள் செய்வது என்னவென்று செயலியை உருவாக்கியவருக்கே சில வேளை தெரிவதில்லை.

மற்றொன்று, செயலியை ஓடவிட்டுக் கவனிப்பது. சோதனைக்கென ஒதுக்கிய கைப்பேசியில் செயலியை நிறுவி, அக்கைப்பேசிக்கும் இணையத்துக்கும் இடையே ஒரு கணிப்பொறியை வைப்பர். செயலி அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் இக்கணிப்பொறி வழியே செல்லும். எந்த ஊருக்கு, எந்த முகவரிக்கு, என்ன விவரம் செல்கிறது, அது உறையிலிட்டுச் செல்கிறதா, அட்டையாகச் செல்கிறதா என்பது அப்போது வெளிப்படும். ஒரு பயனரின் எண்ணுக்குப் பதிலாக வேறொரு பயனரின் எண்ணை இட்டுக் கேட்டால் சர்வர் மறுக்கிறதா, அல்லது அவர் விவரத்தையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறதா என்றும் சோதிப்பர். கைப்பேசியில் இருக்கும் பகுதி செம்மையாயிருந்தும் சர்வரில் உள்ள பகுதி பழுதுபட்டிருத்தல் அடிக்கடி நிகழ்வதாகையால், இரண்டையும் சேர்த்துச் சோதிப்பதே சோதனையாகும்.

இதற்கான வசதிகள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தைச் சேர்ந்த எஸ்.டி.கியூ.சி. இயக்ககத்தின் சோதனைக் கூடம் ஒன்று பெங்களூருவில் உள்ளது. 2004-இல் தொடங்கப்பட்ட செர்ட்-இன் என்னும் மத்திய அமைப்பு, பாதுகாப்புத் தணிக்கை செய்யத் தகுதியுடைய நிறுவனங்களின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. பெரிய துறைகள் இவற்றை நாடலாம். ஆயினும், தணிக்கைச் சான்றிதழ் செயலியின் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு மட்டுமே உரியது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இதற்கு கேம்ஸ்கேனர் என்னும் செயலியின் வரலாறு சான்று பகரும். காகிதங்களைப் படமெடுத்துக் கோப்பாக்கித் தரும் இச்செயலியை இந்திய அலுவலகங்களும் பள்ளிகளும் பெரிதும் பயன்படுத்தி வந்தன. உலகெங்கும் 10 கோடிக்கு மேற்பட்ட முறை இறக்கிக்கொள்ளப்பட்ட அதன் ஆண்டிராய்டுப் பதிப்பில், 2019 ஆகஸ்டில் தீய நிரல் ஒன்று இருப்பதைக் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தார் கண்டனர். பல ஆண்டுகள் பழுதின்றி இயங்கிய செயலியில், விளம்பரத்திற்காகச் சேர்க்கப்பட்ட பிறர் பாகம் ஒன்றின் வழியாக அது புகுந்திருந்தது. முதல் நாளில் சோதித்து ஏற்ற அலுவலகம்கூட, பின்னர் வந்த புதுப்பிப்பைச் சோதியாமல் விட்டிருந்தால் இதைத் தப்பியிராது. 2020 ஜூன் 29-ஆம் நாள் மத்திய அரசாங்கம் தடை செய்த 59 செயலிகளுள் இதுவும் ஒன்று. அன்று வரை அதையே நம்பியிருந்த அலுவலகங்கள் மாற்று வழி தேட நேர்ந்தது.

அளவு சரியா?

இதுவரை கூறியது பாதுகாப்பைப் பற்றியது. களப்பணியாளருக்கு இதற்கிணையான மற்றொரு வினா உண்டு. செயலி அளந்து கூறும் எண் உண்மைதானா என்பதே அது. மழைமானியைச் சமதரையில் நிறுத்தியுள்ளோமா என்று பார்க்காமல் அதன் அளவை எவரும் ஏட்டில் எழுதமாட்டார். செயலி காட்டும் எண்ணையோ, திரையில் அச்சுப்போல் தெளிவாகத் தோன்றுவதாலேயே பலர் அப்படியே ஏற்றுக்கொள்கின்றனர்.

ஜி.பி.எஸ். வசதியுள்ள கைப்பேசி, திறந்த வானத்தின் கீழ், பொதுவாக 4.9 மீட்டர் ஆரத்துக்குள் தன் இருப்பிடத்தைக் காட்டவல்லது என்பது அந்த ஏற்பாட்டை நடத்தும் அமெரிக்க அரசாங்கம் தரும் கணக்கு. உயர்ந்த கட்டடங்களுக்கிடையிலும் அடர்ந்த மரங்களின் கீழும் பிழை இதனினும் மிகும். விண்கோள்களின் அலைகள் சுவர்களில் பட்டுத் திரும்பி வருவது ஒரு காரணம். எனவே, ஏக்கர் கணக்கான வயலின் இருப்பை அறிய இது போதும். இரு வீடுகளுக்கிடையிலுள்ள எல்லைத் தகராற்றைத் தீர்க்கப் போதாது. செயலி ஏழு தசமப் புள்ளிகள் வரை எண் காட்டினாலும் பிழை குறைந்துவிடுவதில்லை.

புளூடூத் அலையைக் கொண்டு இருவருக்கிடையேயுள்ள தூரத்தை அறியும் முயற்சியும் இத்தகையதே. கொரோனா தொற்றுக் காலத்தில் உலகின் பல நாடுகள் இம்முறையில் அமைந்த செயலிகளை வெளியிட்டன. டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரி ஆராய்ச்சியாளர் இருவர் 2020-இல் ஒரு டிராம் வண்டிக்குள் கைப்பேசிகளைப் பல இடங்களில் வைத்து அளந்தனர். உலோகச் சுவர்கள் அலைகளைத் திருப்பியதால், அலையின் வலிமைக்கும் தூரத்திற்கும் ஒழுங்கான தொடர்பு காணப்படவில்லை. சில நாடுகளின் செயலிகள் கையாண்ட கணக்கின்படி அருகிலிருந்தோரைக் கண்டறிதல், சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுப்பதைவிட மேம்பட்டதாக இல்லை. ஆய்வுக்கூடத்து மேசைமீது வெற்றி பெற்ற அளவைமுறை வண்டிக்குள் தோற்றது. சோதனை பயன்படும் இடத்திலேயே நடத்தப்பட வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தொழிலாளர் வருகையைப் புகைப்படத்துடன் பதிவதற்கான செயலி, 2023 ஜனவரி 1 முதல் பணியிடங்கள் அனைத்துக்கும் கட்டாயமாக்கப்பட்டது. போலிப் பதிவை ஒழிப்பதே அதன் நோக்கம். ஆனால், 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது. சம்பந்தமில்லாத படங்களையும், படத்தையே மீண்டும் படமெடுத்ததையும் சிலர் பதிவேற்றுவதாக அது எடுத்துரைத்தது. படம் ஒன்று வந்து சேர்ந்ததா என்பதைச் செயலி கவனித்தது; அது யாருடைய படம் என்பதைக் கவனிக்கவில்லை. மற்றொருபுறம், சமிக்ஞை கிட்டாத ஊர்களில் உண்மையாக உழைத்தவரின் வருகை பதிவாகாமல் கூலி தடைப்படுவதாகக் குறை எழுந்தது. ஏமாற்ற எண்ணுபவர் ஒருவரையும் சமிக்ஞையற்ற சிற்றூர் ஒன்றையும் முன்கூட்டியே வைத்துச் சோதித்திருப்பின் இவ்விரண்டும் தெரிந்திருக்கும்.

முறை மாறினால்

சோதனைக்குப் பின் ஏற்பு, ஏற்புக்குப் பின் கட்டாயம் என்பதே இயல்பான வரிசை. நெருக்கடிக் காலத்தில் இவ்வரிசை எளிதில் தலைகீழாகிறது. ஆரோக்கிய சேது செயலி 2020 ஏப்ரல் 2-இல் வெளியானது. மே 1-இல் வெளியான உள்துறை அமைச்சக வழிகாட்டு நெறிகள் அரசாங்க, தனியார் ஊழியர் அனைவருக்கும் அதைக் கட்டாயமாக்கின. மே 17-இல் அக்கட்டாயம் தளர்த்தப்பட்டு, இயன்றவரை நிறுவச் செய்யுமாறு நிர்வாகங்கள் கேட்டுக்கொள்ளப்பட்டன. அதன் ஆண்டிராய்டுப் பதிப்பின் மூலக் கட்டளைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது மே 26-இல்தான். தொற்றின் வேகத்தைக் கருதினால் அவசரம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும், வெளியார் பரிசோதிக்க இடம் கிடைப்பதற்கு முன்னரே நிறுவும் கடமை பிறந்துவிட்டது. இச்செயலியைப் பற்றிய வழக்கில், 2021 ஜனவரி 25-ஆம் நாள் பெங்களூருவில் அமைந்த கர்நாடக உயர் நீதிமன்றம், பயனர் அறிந்து அளித்த சம்மதமின்றி அவருடைய விவரங்களைப் பிற துறைகளுக்கு வழங்கலாகாது என்று இடைக்கால ஆணையிட்டது.

ஆசிரியர்களுக்கு நெருங்கிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2017-இல் தொடங்கப்பட்ட தீக்ஷா என்னும் பாடச் செயலி, பெங்களூருவின் எக்ஸ்டெப் அறக்கட்டளை உருவாக்கிய மென்பொருள் அடித்தளத்தின்மீது அமைந்தது. அதன் விவரங்கள் வைக்கப்பட்டிருந்த சர்வர் ஒன்று ஓராண்டுக்கு மேலாகப் பூட்டப்படாமல் கிடந்ததென்று 2023 ஜனவரியில் செய்தி வெளியாயிற்று. பத்து லட்சத்திற்கு மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவை அதில் இருந்தன. செய்தியாளர் விசாரித்தபின் அது பூட்டப்பட்டது. செயலி பாடங்களை ஒழுங்காகவே வழங்கி வந்தது. ஆசிரியர் எவரும் குறை கண்டிருக்க வழியில்லை.

2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பு யாருடையது என்பதை வரையறுத்துள்ளது. விவரங்களை எதற்காகத் திரட்டுவது என்று தீர்மானிக்கும் ஸ்தாபனமே, தன் சார்பில் வேறொரு நிறுவனம் செயலியை நடத்தினாலும், அவ்விவரங்களுக்குப் பொறுப்பாகும். தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டு, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டுள்ளன.

சிறு ஸ்தாபனங்கள் செய்யக்கூடியவை

சோதனைக் கூடத்தை நாட இயலாத பள்ளியோ வட்டார அலுவலகமோ கைகட்டி இருக்க வேண்டியதில்லை. முதலில், வெளியிட்டவரின் பெயரைப் பார்த்து, உரிய துறையின் இணையதளத்தில் அச்செயலி குறிப்பிடப்பட்டுள்ளதா என்று ஒத்துப் பார்க்கலாம். அரசாங்கச் செயலியின் பெயரையும் சின்னத்தையும் நகல் செய்த போலிகள் பல. வாட்ஸ்அப் வழியே கோப்பாக வரும் செயலியை, அனுப்பியவர் மேலதிகாரியே ஆயினும், நிறுவுதல் கூடாது. பின்னர், கற்பனைப் பெயர்களைக் கொண்டு இரண்டு வாரம் ஒத்திகை பார்ப்பது நன்று. அவ்வொத்திகையில் உண்மையான மாணவர் ஒருவர் பெயரும் இருத்தலாகாது. விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்; எடை தெரிந்த பொருள், தூரம் தெரிந்த சாலை, எண்ணிக்கை தெரிந்த வகுப்பு ஆகியவை போதும். ஊழியர்களிடமுள்ள கைப்பேசிகளுள் மிகப் பழையதில் செயலி ஓடுகிறதா, தமிழ் அல்லது கன்னட எழுத்துகள் சிதையாமல் வருகின்றனவா, சமிக்ஞை அறுந்து மீண்டும் வந்தபின் பதிவு இருமுறை ஏறுகிறதா, அழிந்துபோகிறதா என்பவற்றை அலுவலகத்தில் உட்கார்ந்து அறிய முடியாது. அனுமதிகளை ஒவ்வொன்றாக மறுத்துப் பார்ப்பதும் பயன் தரும். தொடர்பு எண்களைத் தர மறுத்த உடனே ஒரு வருகைப் பதிவுச் செயலி இயங்க மறுத்தால், அதன் நோக்கம் வருகைப் பதிவு மட்டும் அன்று என்று ஐயுறலாம்.

ஒவ்வொரு செயலிக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, பதிப்பு எண், சோதித்த நாள், சோதித்தவர் பெயர், வழங்கிய அனுமதிகள், விவரங்கள் சேமிக்கப்படும் இடம், குறை நேர்ந்தால் அழைக்க வேண்டியவர் ஆகியவற்றை எழுதி வைக்கலாம். பெரிய புதுப்பிப்பு வரும்போதெல்லாம் அப்பக்கத்தில் ஒரு வரி சேர வேண்டும். விவரம் வெளியானதாகத் தெரிந்தால், அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்குமாறு 2022 ஏப்ரல் 28-ஆம் நாளைய ஆணை விதிக்கிறது. அவ்வேளையில் எந்தச் செயலி, எந்தப் பதிப்பு, எத்தனை பேர் விவரம் என்று தேடத் தொடங்கினால் ஆறு மணி நேரம் போதாது. பதிவேட்டின் பக்கம் எழுதப்பட்டிருந்தால் போதும். திட்டம் முடிந்தபின் செயலியைக் கைப்பேசிகளினின்று நீக்கி, சர்வரில் உள்ள விவரங்கள் ஒப்படைக்கப்பட்டனவா அழிக்கப்பட்டனவா என்பதை எழுத்து மூலம் பெற்று அதே பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும்.